சுவரில் எதை மாட்டுவது, எந்தக் கதையை வாசிப்பது: ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையின் கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள் போலத் தோன்றினாலும் உண்மையில் அவை ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஈராசிரியர் பள்ளி ஒன்றில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கிறீர்கள். ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகள் ஒரே அறையில் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. கையில் நாலாயிரம் ரூபாய் இருக்கிறது. அன்பையும் பரிவையும் சொல்லும் வகையில் அறையை அழகுபடுத்த என்னென்ன வாங்கலாம் என்றும், பிள்ளைகள் அடித்துக்கொள்வதையும் பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்வதையும் குறைக்க எந்தக் கதைகளைப் படித்துக் காட்டலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த அறையில் ஒரு பிள்ளை பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கவனிக்கத் தொடங்க வேண்டும், அதற்குச் சுவரும் புத்தகமும் எவ்வளவு தூரம் உதவும் என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தொடக்கப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். அவற்றில் ஆறு ஆண்டுகள் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்ததால் பிறருடைய வகுப்பறைகள் பலவற்றையும் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஆய்வுகள் காட்டியவற்றையும், என் கண்ணால் கண்டவற்றையும், என் ஊகமாக மட்டுமே இருப்பவற்றையும் கலந்துவிடாமல் சொல்ல முயல்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் மாலை, பிள்ளைகள் போன பிறகு, அறையின் நடுவில் பாயை விரித்து அதில் அமர்ந்து நான்கு சுவர்களையும் பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 110 முதல் 115 செ.மீ. இருக்கும், அந்தப் பிள்ளை தரையில் அமர்ந்தால் கண் மட்டம் இரண்டு அடிக்கும் கீழே இறங்கிவிடும். நான் முதன்முதலாக அப்படி அமர்ந்து பார்த்தபோது, மூன்று நாள் உழைத்து ஒட்டியிருந்த சார்ட்டுகளின் அடி ஓரமும், தூசி படிந்து உரிந்து தொங்கிய செலோடேப்பும், கூரையருகே எட்டாத உயரத்தில் இருந்த ஆத்திசூடியும்தான் தெரிந்தன. நேரெதிரே, கண்ணுக்குச் சரியாக, வெறும் சுண்ணாம்புச் சுவர் இருந்தது. பார்வையிட வரும் அலுவலரின் உயரத்துக்கு நான் அலங்கரித்திருந்தேன். தரையிலிருந்து ஒன்றரை அடி முதல் மூன்றரை அடி வரை உள்ள பட்டைதான் பிள்ளைகளின் சுவர் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அந்தப் பட்டையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எவ்வளவு அலங்காரம் என்பதில் ஓரளவு உறுதியான ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா ஃபிஷரும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மழலையர் குழுவுக்குச் சில பாடங்களைச் சுவர் நிறையப் படங்கள் ஒட்டிய அறையிலும், வேறு சில பாடங்களைப் படங்கள் இல்லாத அறையிலும் நடத்தினார்கள். படங்கள் நிறைந்த அறையில் பிள்ளைகளின் கவனம் பாடத்தை விட்டு விலகியிருந்த நேரம் 38.6 விழுக்காடு, வெறுமையான அறையில் 28.4 விழுக்காடு. பாடத்துக்குப் பிந்தைய கேள்விகளில் சரியான விடைகள் முறையே 42, 55 விழுக்காடாக இருந்தன. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 24 பிள்ளைகள் மட்டுமே. நடந்ததும் இரண்டு வாரங்கள்தான். பிள்ளைகளுக்குப் பழகிய சொந்த வகுப்பறையும் அன்று. ஆகவே அதை மட்டும் வைத்துக்கொண்டு சுவரைத் துடைத்துவிட வேண்டும் என்று சொல்வது மிகையாகிவிடும். இங்கிலாந்தில் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் பாரெட் தலைமையில் 27 தொடக்கப் பள்ளிகளின் 153 வகுப்பறைகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு 2015-இல் வெளியானது. மிகுந்த அலங்காரமும் முற்றிலும் வெறுமையான சுவரும் ஆகிய இரண்டுமே கற்றலுக்கு நல்லவை அல்ல, நடுத்தரமே நல்லது என்றும், சுவர்ப் பரப்பில் 20 முதல் 50 விழுக்காடு வரை காலியாக இருக்கட்டும் என்றும் அந்த ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். வெளிச்சம், காற்று, வெப்பம் ஆகியவற்றுக்கு அவர்கள் அளித்த முக்கியத்துவத்தை நம் ஊர் ஆசிரியர்கள் கட்டாயம் மனத்தில் கொள்ள வேண்டும். சன்னல் கம்பிகளில் வண்ணக் காகிதத் தோரணம் கட்டி வெளிச்சத்தை அடைத்த அறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கரும்பலகை இருக்கும் முன்சுவரையும் சன்னல்களையும் விட்டுவிடுங்கள். பக்கச் சுவர்கள் இரண்டும் பின்சுவரும் போதும்.

ஒட்டுவதைவிடத் தொங்கவிடுவது நல்லது. பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி 2007-08-இல் மாநிலமெங்கும் பரவியபோது, ஒவ்வொரு பிள்ளைக்கும் கீழ்மட்டக் கரும்பலகையும், அவர்களுடைய படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தலும் வகுப்பறைக்குள் வந்தன. அந்த முறையைப் பற்றி இன்றும் மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆனால் பிள்ளை எழுதியதையும் வரைந்ததையும் அன்றைக்கே மாட்டலாம், அடுத்த வாரம் கழற்றலாம் என்ற வசதியை அது நமக்குப் பழக்கியது. தலைக்கு மேலே போகும் கம்பியை விட, பின்சுவரில் இரண்டடி உயரத்தில் ஒன்றும் மூன்றடி உயரத்தில் ஒன்றுமாக இரண்டு சணல் கயிறுகளை இழுத்துக் கட்டித் துணிக் கிளிப்புகளால் மாட்டுவது இன்னும் நல்லது என்பது என் அனுபவம். மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டே இருப்பவை பிள்ளைகளின் கண்ணைப் பிடித்து இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறிய சுவரில் பசை நிற்காது, கரையானும் வரும். தேர்தல் வந்தால் உங்கள் அறை வாக்குச்சாவடியாகும். அன்று எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டியிருக்கும். கயிறும் கிளிப்பும் இருந்தால் அரை மணி நேரத்தில் கழற்றி அரை மணி நேரத்தில் மீண்டும் மாட்டிவிடலாம்.

எதை மாட்டுவது என்பதற்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் நல்லொழுக்கச் சார்ட்டுகளுக்கு உங்கள் பணத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. அவற்றில் வரும் பிள்ளைகள் வெளிர்நிறத்தில், பளபளக்கும் காலணியுடன், சோபா போட்ட வீட்டில் இருப்பார்கள். உங்கள் பிள்ளைகள் அதில் தங்களைப் பார்க்க மாட்டார்கள். ‘அன்பாய் இரு’ என்று வண்ண எழுத்தில் எழுதித் தொங்கவிடுவதால் ஒரு பிள்ளை அன்பாக நடந்துகொண்டதாக எந்தச் சான்றையும் நான் கண்டதில்லை. இரண்டாம் நாளே அது சுவரின் நிறத்தோடு நிறமாகிவிடும். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் வலுப்படுத்தும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் தொடங்கிய பிறகு பாடல் களம், கதைக் களம், பொம்மலாட்டக் களம் என்று அறைக்குள் இடங்கள் ஒதுக்கும் பழக்கம் வந்திருக்கிறது. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, நீங்கள் சேர்க்கும் புதியவை கதைக் களத்தைச் சுற்றியே அமையட்டும். வாசித்த கதையிலிருந்து பிள்ளைகள் வரைந்ததும், அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதியதும் மட்டுமே அங்கே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் நீங்களும் அதையே செய்ய எண்ணியிருப்பதாக உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. பின்சுவரில் பழுப்புக் காகிதத்தால் பெரிய மரம் ஒன்றை ஒட்டி அதற்கு ‘அன்பு மரம்’ என்று பெயரிட்டேன். நல்ல காரியம் செய்த பிள்ளையின் பெயரைப் பச்சை இலையில் எழுதி மரத்தில் ஒட்டுவது ஏற்பாடு. இரண்டு வாரத்தில், “டீச்சர், நான் அவனுக்கு ரப்பர் குடுத்தேன், இலை குடுங்க” என்று வரிசையில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஒருவன் பக்கத்துப் பிள்ளையின் பையை வலியப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு வந்து இலை கேட்டான். பை பறிபோன பிள்ளை அழுதுகொண்டே பின்னால் வந்தாள். யாரிடமும் வாய் திறந்து பேசாத ஒரு சிறுமிக்கு ஒரே ஓர் இலைகூட இல்லை; வகுப்பு முழுவதும் அதை எண்ணிச் சொன்னது. வார்னெக்கன், டோமசெல்லோ ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். உதவி செய்ததற்குப் பொருளாகப் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றதும், பரிசே பெறாத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். நம் பிள்ளைகள் அவர்களைவிட மூத்தவர்கள் என்பதால் அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் என் மரத்தில் நடந்ததற்கு அது மிகவும் நெருக்கமாக இருந்தது. மறு ஆண்டு ஏற்பாட்டை மாற்றினேன். உதவி செய்தவர் கேட்டால் இலை கிடையாது. உதவி பெற்றவர் வந்து, தனக்கு என்ன நடந்தது, அப்போது எப்படி இருந்தது என்று சொன்னால் அதை நான் இலையில் எழுதுவேன். உதவியவரின் பெயர் இலையில் இராது. ‘என் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாங்க, குளிர் போச்சு’ என்பது அந்த ஆண்டின் இலைகளில் ஒன்று. மரம் மெதுவாகத்தான் வளர்ந்தது; ஆனால் இலைக்காக வரிசை நிற்கும் வழக்கம் ஒழிந்தது.

புத்தகங்களைப் பொறுத்தவரை முதல் வேலை பீரோவைத் திறப்பதுதான். நம் பள்ளிகளில் புத்தகம் இல்லை என்பது இப்போது அவ்வளவு உண்மையன்று. வகுப்பறைக்குக் கதைப் புத்தகங்கள் தந்த புத்தகப் பூங்கொத்துத் திட்டத்தின் காலத்தில் வந்தவை இருக்கும். 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் அமைந்த சிறு நூல்கள் இருக்கும். இருப்புப் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற அச்சத்தில் தலைமையாசிரியர் பூட்டி வைத்திருப்பார். அந்த அச்சம் நியாயமானதுதான். இருபது புத்தகங்களை உங்கள் கையெழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம் தெரியும்படி அடுக்காமல் அட்டைப்படம் தெரியும்படி கீழ்க் கயிற்றில் மாட்டுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தை எடுக்கும். கிழிந்ததைப் பிள்ளைகளே ஒட்டுவதற்கு ஓர் அட்டைப் பெட்டியும் பசையும் வைத்துவிடுங்கள். இருப்பவை போதாவிட்டால், பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். வாசிப்பு நிலை குறிக்கப்பட்டிருப்பதால் தேர்வு எளிது.

எந்தக் கதை என்பதில்தான் நாம் வழக்கமாக நம்பிவரும் சிலவற்றை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. சிங்கமும் எலியும், காகமும் நரியும் என்று விலங்குக் கதைகளை எடுத்தால் பிள்ளைகள் எளிதாகப் பாடம் கற்றுக்கொள்வார்கள் என்று எனக்குப் பயிற்சியில் சொன்னார்கள். நானும் பிறருக்குச் சொன்னேன். டொரொண்டோவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நான்கு முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு மனிதக் குழந்தைகள் வரும் பகிர்தல் கதையையும், இன்னொரு குழுவுக்கு அதே கதையை மனிதரைப் போல உடையணிந்த விலங்குகளை வைத்தும் வாசித்தார்கள். மனிதர் வரும் கதையைக் கேட்டவர்களே தங்களுக்குக் கிடைத்த ஸ்டிக்கர்களைப் பிறருக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். நேர்மையைப் பற்றிக் கனடா ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் கருதத்தக்கது: நம் ஊரில் ‘புலி வருது’ என்று சொல்லப்படும் ஆடு மேய்க்கும் சிறுவன் கதையைப் போலத் தண்டனையில் முடியும் கதைகள் பிள்ளைகளிடம் பொய்யைக் குறைக்கவில்லை, உண்மை சொன்னவன் பாராட்டப்படும் கதை குறைத்தது. இவை ஒரு முறை கதை கேட்ட உடனே அளந்தவை. ஓராண்டுக்குப் பிறகு என்ன ஆகும் என்பதற்கு இவற்றில் விடை இல்லை. பெரியவர்கள் ஓர் இலக்கியக் கதையை வாசித்தவுடன் பிறர் மனத்தை நன்கு அறிகிறார்கள் என்று 2013-இல் சொல்லிப் புகழ்பெற்ற ஆய்வு, பிறகு பலர் மீண்டும் செய்து பார்த்தபோது உறுதிப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனவே விலங்குக் கதைகளைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவை மகிழ்ச்சிக்கு இருக்கட்டும். பரிவைப் பற்றிப் பேச எண்ணும் நாளில், உங்கள் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகள், அவர்கள் ஊரைப் போன்ற ஊரில், ஒரு சிறிய தவறு செய்து அதைச் சரிசெய்யும் கதையை எடுங்கள்.

ஆய்வுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது இத்தாலியில் நடந்து 2014-இல் வெளியானது. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் ஒரே கதைகளை வாசித்து, ஒரு குழுவினரைக் கதையில் வந்தவர்களின் உணர்வுகளைப் பற்றிப் பேச வைத்தார்கள், மற்றவர்களைக் கதைக்குப் படம் வரைய வைத்தார்கள். பிறர் உணர்வை அறிவதில் பேசிய குழுவே முன்னேறியது. அதாவது கதையைக் கேட்டதால் மட்டும் மாற்றம் வரவில்லை, அதற்குப் பின் நடந்த பேச்சே வேறுபாட்டை உண்டாக்கியது. நாமோ கதை முடிந்ததும் “இதன் நீதி என்ன?” என்று கேட்போம், பிள்ளைகள் ஒரே குரலில் “பிறருக்கு உதவ வேண்டும்” என்பார்கள், அதோடு கதை செத்துப்போகும். அந்தக் கேள்வியை ஓராண்டுக்கு மறந்துவிடுங்கள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, “இப்போ அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?” என்று கேளுங்கள்; பதில் வரும் வரை, பத்து எண்ணும் நேரமானாலும், காத்திருங்கள்.

ஒருமுறை மூன்றாம் வகுப்பில் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை, “ஒரு குச்சி நட்டிருந்தா போதுமே டீச்சர், தேர்ச் சக்கரம் கொடி மேல ஏறாதா?” என்றாள். முந்தைய ஆண்டுகளில் இருந்த நானாக இருந்தால், வள்ளலின் பெருமையை எடுத்துச் சொல்லி அவளை அமரச் செய்திருப்பேன். அன்று அவளையே மேலே பேசவிட்டேன். அவள் வீட்டில் அவரைப் பந்தல் உண்டு; கொடிக்கு எது தேவை, எது பாரம் என்று அவளுக்குத் தெரியும். கொடுத்தவனின் பக்கத்திலிருந்து நான் சொல்லிக்கொண்டிருந்த கதையை அவள் கொடியின் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறாள். அன்று மாலை அவள் வரைந்த படத்தில், தேர் கொஞ்சம் தள்ளி நின்றது. கொடியருகே ஒரு குச்சி இருந்தது. அந்தப் படம் அந்த ஆண்டு முடியும் வரை கயிற்றில் தொங்கியது.

இப்படிப் பேசும்போது பிள்ளைகள் பயன்படுத்தும் சொற்களே உங்கள் சுவருக்கு ஏற்றவை. சந்தோஷம், சோகம், கோபம் என்று மூன்று முகங்களை வரைந்து ஒட்டுவது வழக்கம். ஆனால் வீட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் தமிழ் அதைவிட மிகவும் வளமானது. ‘மொகம் சுண்டிப்போச்சு’, ‘தொண்டை அடைச்சுக்கிச்சு’, ‘வயித்தப் பெசஞ்சுது’, ‘ஏக்கமா இருந்துச்சு’ என்று அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே, திருத்தாமல், பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி மாட்டுங்கள். கீழே எந்தக் கதையில் யாருக்கு அப்படி இருந்தது என்று ஒரு வரி போதும். அடித்துக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளையிடம் “ஏன்டா அடிச்சே?” என்று கேட்பதற்குப் பதிலாக, “சுவர்ல இருக்கறதுல உனக்கு எது?” என்று கேட்டிருக்கிறேன், பேச்சு வராத பிள்ளைகூட விரலால் தொட்டுக் காட்டும். இது எல்லா இடத்திலும் பலிக்கும் என்று என்னால் உறுதி சொல்ல இயலாது. என் வகுப்புகளில் பலித்தது. அதே அட்டைகள் ஒன்றாம் வகுப்புக்கு வாசிப்புப் பயிற்சியாகவும் ஆகிவிடும்.

மூன்று வகுப்புகள் ஒரே அறையில் இருப்பதை இடையூறாக எண்ணியிருக்கிறீர்கள்; வாசிப்பில் அது வசதிதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரம் இரண்டு நாள், சத்துணவுக்குப் பிறகு பதினைந்து நிமிடம், ஒரு புத்தகம் வாசித்துக் காட்டட்டும். யாரை யாருடன் அமர்த்துவது என்பதை நீங்களே முடிவு செய்து மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாக அமர்வார்கள், அதன் காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. படிப்பில் பின்தங்கியவன், தன்னைவிடச் சிறியவனுக்கு வாசிப்பதற்காக முந்தைய நாள் மாலை ஒரு புத்தகத்தை நான்கு முறை படித்துப் பழகியதைக் கண்டிருக்கிறேன்.

இவையெல்லாம் எட்டாத இடமும் உண்டு. பட்டப்பெயர்களில் சில உடலைக் குறித்தவை, சில நிறத்தைக் குறித்தவை, சில சாதியைக் குறித்தவை. முதலிரண்டைக் கதையும் பேச்சும் ஓரளவு குறைக்கும். மூன்றாவதைக் கதையிடம் ஒப்படைக்காதீர்கள். அன்றைக்கே நிறுத்தி, தலைமையாசிரியரிடமும், தேவைப்பட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேச வேண்டும், தண்ணீர்க் குழாயிலும் சாப்பாட்டு வரிசையிலும் நீங்கள் நிற்க வேண்டும். நாள்தோறும் அடிக்கும் பிள்ளை வீட்டில் அடிபடும் பிள்ளையாகவும் இருக்கலாம், காது சரியாகக் கேட்காத பிள்ளையாகவும் இருக்கலாம். அதைக் கண்டறிவதில் எனக்குப் பயிற்சி இல்லை, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டியிருக்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

நாலாயிரம் ரூபாய்க்கு வருவோம். கயிறு, ஆணி, கிளிப், கெட்டி அட்டை, வண்ணக் கட்டிகள், பசை எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் அடங்கும். இரண்டு கோரைப் பாய்கள் கதைக் களத்துக்கு வாங்குங்கள். நாற்பது, ஐம்பது ரூபாய் விலையில் மனிதப் பிள்ளைகள் வரும் கதைப் புத்தகங்கள் முப்பது, ஒவ்வொன்றையும் கடையிலேயே நின்று முழுவதும் படித்துப் பார்த்து, கடைசிப் பக்கத்தில் நீதி அச்சிடாதவையாக எடுங்கள். மீதி இருப்பதைச் செலவழிக்காமல் வைத்திருங்கள். ஐப்பசி மழையில் பாதி அட்டைகள் நனைந்த பிறகு அது தேவைப்படும்.